இலவசமாக வரும் ‘மண் வளமூட்டி’: கொட்டவிடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

‘மண் வளமூட்டி’ என்று சொல்லி எங்கள் நிலத்தில் கொட்டப்பட்டது, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடும் ஏதோ ஓர் ஆலையின் சாம்பலும் கலந்த சரக்கு. ஒப்பந்தக்காரர் காசு எதுவும் கேட்கவில்லை. வண்டி வாடகையும் அவருடையதே. கூடவே ஓர் ஆய்வறிக்கையும் தந்தார். தழைச்சத்து, மணிச்சத்து, கரிமப்பொருள் எல்லாமே அதில் திருப்தியாக இருந்தன.

அந்த அறிக்கை பொய்யில்லை. கெட்டிக்காரத்தனமே அங்கேதான் இருக்கிறது. கசடில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிஜமாகவே உண்டு. ஆனால் காட்மியம், ஈயம், நிக்கல் போன்ற கன உலோகங்கள் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூடக் கிடையாது. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனும் இல்லை. கேட்டதற்கு, “இயற்கைப் பொருளுக்கு அதெல்லாம் எதற்கு?” என்று சிரித்தார்.

முதல் தண்ணீர் பாய்ச்சி மண் காய்ந்ததும் மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. முளைத்த நாற்றுகளின் இலை நுனிகள் கருகின. ஒரு பிடி அள்ளி உதிர்த்தால் செயற்கை நூலிழைகளும் பிளாஸ்டிக் துணுக்குகளும் விரலில் ஒட்டின. எங்கள் செலவில் வேறோர் ஆய்வகத்தில் கொடுத்தபோதுதான் துத்தநாகமும் காட்மியமும் மிகுந்திருப்பது தெரிந்தது. அதன்பிறகு ஒப்பந்தக்காரர் தொலைபேசியை எடுப்பதேயில்லை.

வடிகால் நன்றாக இருந்தால் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிவிடலாம். உலோகம் மக்காது, ஆவியாகாது; மேல்மண்ணிலேயே தலைமுறைகளுக்குத் தங்கும். துத்தநாகம் மிஞ்சினால் பயிரே வெளுத்துக் குன்றிக் காட்டிக்கொடுத்துவிடும். காட்மியம் வேறு ரகம். பச்சைப்பசேலென்று நிற்கும் கீரைக்குள் ஏறிக்கொண்டு, தின்பவரின் சிறுநீரகத்தில் ஆண்டுக்கணக்கில் சேரும். அமில மண்ணில் இது இன்னும் எளிதாக நடக்கும். சுண்ணாம்பு இட்டால் காட்மியம் ஓரளவு அடங்கும், ஆனால் போய்விடாது. சாம்பலில் ஆர்செனிக் இருந்தாலோ, அதே சுண்ணாம்பு அதைக் கிளப்பிவிடவும் கூடும்.

கசடை நிலத்தில் இடுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. விதிகளோடு செய்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1986-லேயே கசடுக்கும் அதை ஏற்கும் மண்ணுக்கும் தனித்தனி வரம்பு வைத்தது. அமெரிக்காவின் 1993 விதிப்படி, கிலோவுக்கு 85 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருந்தால் அந்தக் கசடை நிலத்தில் இடவே கூடாது. என்னைக் கேட்டால் அதுவே தாராளம்தான். இந்த இரண்டு பட்டியலிலும் சிதையாத ஃபுளோரின் வேதிப்பொருள்கள் இடம்பெறவில்லை. அவற்றால் பண்ணைகள் பாழானதைக் கண்டுதான் அமெரிக்காவின் மேய்ன் மாநிலம் 2022-இல் கசடு இடுவதையே தடை செய்தது.

கழிவை முறையாகப் புதைக்கவோ எரிக்கவோ பணம் செலவாகும். உங்கள் நிலத்தில் கொட்டினால் அந்தச் செலவு மிச்சம். ‘இலவசம்’ என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

யாராவது இப்படி வந்தால், சரக்கு எந்த ஆலையிலிருந்து, எந்த நிலையத்திலிருந்து வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். கன உலோகங்களுக்கான அறிக்கை அந்தக் குவியலுக்கே உரியதாக இருக்க வேண்டும், பழைய சரக்குக்கு எடுத்ததாக இருக்கக் கூடாது. கொட்டுவதற்கு முன் உங்கள் மண்ணையும் பல இடங்களில் எடுத்துக் கலந்து சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு “உங்கள் மண்ணே இப்படித்தான்” என்பார்கள், எங்களிடம் சொன்னார்கள்.

ஏற்கெனவே கொட்டியாகிவிட்டதா? உழாதீர்கள். மேலே கிடக்கும்வரை சுரண்டி அள்ளிவிடலாம். கலப்பை ஓடிவிட்டால் மேல்மண் முழுவதையும் அல்லவா அள்ள வேண்டியிருக்கும்? குவியலில் ஒரு பகுதியை மூடிய பாட்டிலில் தேதியிட்டு எடுத்து வையுங்கள். வண்டி எண்ணும் கொட்டிய இடத்தின் புகைப்படமும் இருந்தால்தான் புகாரை வாங்கவே வாங்குகிறார்கள்.