ஆர்.எக்ஸ். 135, சி.பி.இசட்., கரிஸ்மா: நாளைய கிளாசிக்காக எதை வாங்கி வைப்பது?

யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிளை இன்று தேடிப் புறப்படுகிறவர் காலம் தாழ்த்திவிட்டார் என்றே சொல்ல வேண்டும். 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டி ஏற்கெனவே கிளாசிக் ஆகிவிட்டது. நல்ல நிலையில் உள்ளது ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிப் பேசப்படுகிறது. ராஜ்தூத் 350, யெஸ்டி, காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் ஆகியவற்றின் கதையும் அதுவே. ஆகவே இன்னும் முழுதாக விலை ஏறாத, ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து மக்கள் தேடி அலையப்போகிற வண்டி எது என்பதே வாங்குகிறவரின் கேள்வியாக இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு யமஹா ஆர்.எக்ஸ். 135, ஹீரோ ஹோண்டா சி.பி.இசட்., கார்புரேட்டர் வைத்த முதல் கரிஸ்மா ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன்.

மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்றால், என்னுடைய அளவுகோல் இது: எதைத் திரும்பச் செய்துகொள்ள முடியும், எதைச் செய்துகொள்ள முடியாது? தேய்ந்த இன்ஜினை நல்ல லேத் பட்டறையில் போர் செய்து (சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து), புது பிஸ்டன் போட்டு, கிராங்க்கைச் சரிசெய்து எழுப்பிவிடலாம். கம்பெனி பெயிண்டை, அதன் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை, விரிசல் விடாத மீட்டர் பெட்டியை, உடையாத பக்கவாட்டு மூடியை, தொடர்ச்சி அறாத ஆர்.சி. என்னும் பதிவுப் புத்தகத்தை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது. ஓடாமல் நிற்கிற, ஆனால் பாகம் மாறாத வண்டியை, சீறிக்கொண்டு ஓடுகிற, ஆனால் பாதி மாற்றப்பட்ட வண்டிக்கு மேலாக நான் மதிப்பது இதனால்தான்.

முதலில் ஆர்.எக்ஸ். 135. 1990-களின் பிற்பாதியில் வந்த 132 சி.சி. டூ ஸ்ட்ரோக், நான்கு கியரில் ஒன்றும் ஐந்து கியரில் ஒன்றுமாக விற்பனையானது, இதில் ஐந்து கியர் வண்டியைத்தான் தேடுகிறார்கள். எடை நூறு கிலோவைச் சற்றே தாண்டும் என்பதால், இன்றைய 150 சி.சி. வண்டிகளை ஓட்டிப் பழகியவர் இதன் ஆக்சிலரேட்டரை முதன்முறை திருகும்போது வண்டி தன்னை விட்டுவிட்டு முன்னே பாய்வது போல உணர்வார். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் இந்தியச் சந்தையிலிருந்து ஒவ்வொன்றாக விலகின. இது கடைசி வரிசையில் நின்ற வண்டி. இனி அப்படி ஒன்று வரப்போவதில்லை என்பதே இதன் மதிப்புக்கு அடித்தளம்.

ஆனால் இந்த வண்டியை வாங்குவதில்தான் ஏமாற்றம் அதிகம். ஆர்.எக்ஸ். 100-க்கும் 135-க்கும் இடையே பாகங்கள் மாறிப் பொருந்துவதால், ஒன்றின் இன்ஜின் மற்றொன்றின் சட்டகத்தில் உட்கார்ந்திருப்பது சாதாரணம். சில ஆண்டுகளுக்கு முன் நானே ஓர் ஆர்.எக்ஸ். வாங்க ஒரு ஊருக்குப் போய், கிக் அடித்ததும் எழுந்த சத்தத்தில் மயங்கி முன்பணத்தைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு ஹேண்டிலைத் திருப்பி, கழுத்துப் பகுதியில் உள்ள சேசிஸ் எண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தபோது, எண்களில் இரண்டு மற்றவற்றைவிட ஆழமாகவும் சற்றுச் சாய்வாகவும் அடிக்கப்பட்டிருந்தன. அங்கேயே திரும்பிவிட்டேன். எண்ணில் கைவைக்கப்பட்ட வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்கத் தகாது. பெயர் மாற்றத்தில் சிக்கும், திருட்டு வண்டியாக இருந்தால் வாங்கியவரும் சேர்ந்து சிக்குவார்.

இன்ஜினைப் பொறுத்தவரை இரண்டைக் கவனித்தால் போதும். கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் ஓரத்தை அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டால் கியர் ஆயிலை இன்ஜின் உள்ளே இழுத்து எரித்து, சூடேறிய பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகையைத் தள்ளும். மேக்னெட் பக்கத்துச் சீல் போய்விட்டால் காற்றை இழுத்து, ஐட்லிங் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். இரண்டும் சரிசெய்யக்கூடியவை, விலை பேச உதவுபவை. இன்னொன்று, தனியாக 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் ஊற்றி பம்பு வழியாக இன்ஜினுக்குப் போகும் ஏற்பாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டுகிற வண்டிகள் ஏராளம். பம்பு இருந்த இடத்தில் தகடு அடைத்திருந்தால், அந்த வண்டியில் வேறு என்னென்ன கழற்றப்பட்டிருக்கும் என்று தேடத் தொடங்கிவிட வேண்டும்.

அடுத்தது சி.பி.இசட். என் மனம் சாய்வது இதன் பக்கம்தான், அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1999-இல் வந்தபோது நூறு சி.சி. வண்டிகளின் மைலேஜ் கணக்கிலேயே மூழ்கியிருந்த ஃபோர் ஸ்ட்ரோக் சந்தையில், 156.8 சி.சி. இன்ஜினும் முன்சக்கரத்தில் 240 மில்லிமீட்டர் டிஸ்க் பிரேக்கும் அகன்று புடைத்த டேங்க்குமாக இது தனித்து நின்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த பல்சர்கள் நடந்த பாதையை முதலில் வெட்டியது இதுவே. ஆனால் பல்சர் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, சி.பி.இசட். கிடைக்காது. பின்னால் எக்ஸ்ட்ரீம் என்ற அடைமொழியோடு வந்தது 149 சி.சி. இன்ஜின் கொண்ட வேறு வண்டி, அதை இதனோடு சேர்த்துப் பேசக் கூடாது.

பெயருக்கும் ஒரு மதிப்பு உண்டு. 1984-இல் தொடங்கிய ஹீரோ ஹோண்டா கூட்டு பிரிந்து, 2011-இல் நிறுவனத்தின் பெயரே மாறியது. டேங்க்கில் அந்த இரட்டைப் பெயரைத் தாங்கிய வண்டிகள் இனி பிறக்கப்போவதில்லை. ஓசூரில் தயாரான டி.வி.எஸ். சுசுகி ஷோகனுக்கும் இதே சிறப்பு உண்டு. 2001-இல் அந்தக் கூட்டு முறிந்தது. ஷோகன் இம்மூன்றைவிடவும் அரிதாகிவிட்ட வண்டி, ஆனால் உதிரிபாகத்துக்கு அலைய மனமும் நேரமும் உள்ளவருக்கே அதைச் சொல்வேன்.

சி.பி.இசட்.டின் உயிர்நாடி அதன் கார்புரேட்டர். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று திருகினால், சிறு பம்பு ஒன்று கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சி வண்டியைத் தயங்காமல் எழச் செய்யும். மைலேஜுக்காக அந்தக் கார்புரேட்டரையே கழற்றிவிட்டு வேறு வண்டியின் கார்புரேட்டரை மாட்டிய சி.பி.இசட்.களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கப் போகும்போது, இன்ஜின் அணைந்திருக்கையில் ஏர் ஃபில்டர் குழாயைத் தளர்த்தி, டார்ச் அடித்து, ஆக்சிலரேட்டரைத் திருகிப் பாருங்கள்: ஊசி முனை போன்ற துளையிலிருந்து மெல்லிய இழையாகப் பெட்ரோல் பாய்ந்தால் பம்பு உயிரோடு இருக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்தால் உள்ளே உள்ள ரப்பர் சவ்வு விறைத்திருக்கும். அந்த ஓர் இழையைக் கண்ணால் பார்த்துவிட்டால், வண்டியை வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

குளிர்ந்த இன்ஜினைக் கிக் அடித்துக் கேட்பதும் அவசியம். தொடக்க கால வண்டிகளில் செல்ஃப் கிடையாது. டைமிங் செயின் கலகலப்பது பெரிய செலவு அல்ல. ஆக்சிலரேட்டரைத் திருகும்போது நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருக்கின்றன, திருகியதைத் தளர்த்தியபின் வந்தால் வால்வு சீல் மட்டும்தான் என்பது பொதுவான கணக்கு. மீட்டர் பெட்டி, பின்பக்க மூடிகள், டேங்க் ஸ்டிக்கர் ஆகியவை உடையாமல் இருந்தால் விலையில் சற்று விட்டுக்கொடுத்தே வாங்கிவிடலாம், ஏனெனில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் நாள்கணக்கில் சுற்றினாலும் இவை நல்ல நிலையில் அகப்படுவது அரிது.

கரிஸ்மாவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2003-இல் வந்த 223 சி.சி. வண்டி, 17 குதிரைத்திறன், சென்னையிலிருந்து மதுரைக்கு முதுகு நோகாமல் போய்வரக்கூடிய இருக்கை, அவசரப்படாத, உழைப்புக்கு அஞ்சாத இன்ஜின். அன்றாடம் ஓட்டவும் வேண்டும், கிளாசிக்காகவும் வளர வேண்டும் என்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது இம்மூன்றில் இல்லை. குறை என்னவென்றால், முன்பக்கத்து ஃபேரிங் ஒருமுறை விழுந்தாலே அதைப் பிடித்திருக்கும் காதுகள் ஒடிந்துவிடும்; எம்-சீல் பசை வைத்து ஒட்டிப் பெயிண்ட் அடித்தவையே மிகுதி. ஃபேரிங்கின் உட்புறத்தை விரலால் தடவினால் ஒட்டு தெரிந்துவிடும். 2009-இல் வந்த இசட்.எம்.ஆர். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கொண்டது. அதன் மின்னணுப் பாகங்கள் கிடைப்பதை நம்பிப் பல ஆண்டுகள் வைத்திருப்பது எனக்குப் புத்திசாலித்தனமான காரியமாகத் தோன்றவில்லை. கார்புரேட்டர் வண்டியே போதும்.

தாள் வேலையை மூன்றுக்கும் பொதுவாகச் சொல்லிவிடலாம். பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும்; அதன்பின் வண்டியை ஆய்வாளரிடம் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் கிடக்கிற வண்டி என்றால், புதுப்பித்த பிறகு மீதிப் பணம் என்று பேசிக்கொள்வதே முறை. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு இவற்றுக்கு இன்னும் பல ஆண்டுகளுக்குப் பொருந்தாது என்பதால், சாதாரணப் பதிவை உயிரோடு வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு. பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில் ஆர்.சி.யில் உள்ளவரே நேரில் கையெழுத்திட வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகள் முதலில் தங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே வாங்குங்கள். பழைய கடன் ஆர்.சி.யில் நீக்கப்படாமல் நின்றால், கடன் கொடுத்த நிறுவனமே இப்போது இல்லாத நிலையில் அதை நீக்குவது பெரும்பாடு. தில்லி வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்து மலிவாக வரும் வண்டிகள் கண்ணைக் கவரும்; என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கையில் இல்லாமல் அவற்றைத் தொட வேண்டாம்.

ஆக, சவாரியின் இன்பத்துக்காக வாங்குபவர் ஐந்து கியர் ஆர்.எக்ஸ். 135-ஐயும், நெடுஞ்சாலையில் உழைப்பதற்காக வாங்குபவர் கரிஸ்மாவையும் எடுக்கலாம். விலை இன்னும் கைக்கு எட்டுகிற இந்தச் சமயத்தில், ஒரே ஓனர் கையில் இருந்த, பெயிண்ட் மாறாத சி.பி.இசட். ஒன்று கண்ணில் பட்டால் நான் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு அதைத்தான் எடுப்பேன். எடுத்து வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ஆகவே பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் புதிதாக மாற்றுங்கள். பல வாரம் நிறுத்திவைப்பதாக இருந்தால், டேங்க்கின் அடியில் உள்ள பெட்ரோல் காக் என்னும் திருகு குமிழை மூடி, கார்புரேட்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய பெட்ரோலைச் சொட்டு மீதமில்லாமல் வடித்துவிட்டு நிறுத்துங்கள்.