பீட்டில் எஞ்சினுக்கு பைபாஸ் ஃபில்டரா, ஃபுல்-ஃப்ளோவா, பழைய சல்லடையே போதுமா?

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு ஆயில் மாற்றும்போது கழற்றிப் போட ஃபில்டர் என்று ஒன்று கிடையாது. எஞ்சினின் அடியில் ஆறு சின்ன நட்டுகள் பிடித்த ஒரு வட்டத் தகடு, அதற்கு மேலே ஒரு கம்பி வலைச் சல்லடை, அவ்வளவுதான். உடைந்து விழுந்த துண்டு துணுக்கு இருந்தால் சல்லடை பிடிக்கும். பேரிங்கைத் தேய்க்கிற நுண்துகள் அதில் நிற்காது. ஆயிலின் மொத்த அளவோ 2.5 லிட்டர். சுற்றிலும் தண்ணீர் ஓடாத எஞ்சின் என்பதால், உராய்வைத் தடுப்பதோடு சூட்டில் ஒரு பங்கை வெளியே கொண்டுபோவதும் அந்த இரண்டரை லிட்டரின் வேலை. அழுக்கைச் சுமப்பதும் அதுவே.

அதற்காக எஞ்சினை வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1930களில் உருவான அமைப்பு அது. ஆயிலை அடிக்கடி மாற்றினால் அழுக்கும் அதோடு போய்விடும் என்ற நம்பிக்கையில் கட்டியது. 5,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலை மாற்றி, சல்லடையையும் கழற்றிக் கழுவ வேண்டும் என்பது அதன் கணக்கு. காற்றில் குளிரும் மற்ற எஞ்சின்கள் வேறு வழிகளில் போயின. போர்ஷே 356-இல் தொழிற்சாலையிலேயே பைபாஸ் ஃபில்டர், அதாவது ஆயிலில் ஒரு பங்கை மட்டும் வடிகட்டும் டப்பா பொருத்தி வந்தது. 1968-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் 411-இன் எஞ்சினில் ஃபுல்-ஃப்ளோ ஃபில்டர், அதாவது ஆயில் முழுதும் கடந்துபோகும் ஃபில்டர். ஃபியட் 500-இல் கிராங்க் புல்லிக்குள்ளேயே அழுக்கைச் சுழற்றி ஓரத்தில் ஒதுக்கும் ஏற்பாடு. பீட்டில் மட்டும் பல பத்தாண்டுகள் சல்லடையோடு ஓடியது. 1990களில் மெக்சிகோவில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் 1600 எஞ்சின் வந்தபோதுதான் அதற்கு முறையான ஃபில்டர் கிடைத்தது.

இன்று பீட்டில் வைத்திருப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு: பைபாஸ் ஃபில்டர், பம்பின் மேலேயே உட்காரும் ஃபில்டர், எஞ்சினின் வெளிக்கூடான கேஸில் மரை போட்டுச் செய்யும் ஃபுல்-ஃப்ளோ, அல்லது எதையும் தொடாமல் விட்டுவிடுவது. இவற்றில் எது நன்றாக வடிகட்டும் என்றுதான் பெரும்பாலும் பேச்சு நடக்கிறது. நான் முதலில் பார்ப்பது, அது கெட்டுப்போனால் எஞ்சின் என்ன ஆகும் என்பதை. இரண்டரை லிட்டர் ஆயில் ரோட்டில் கொட்ட அதிக நேரம் ஆகாது.

பைபாஸ்

பீட்டில் எஞ்சினில் பம்ப் தள்ளும் ஆயில் பிரஷர் வால்வைக் கடந்து, கூலருக்குள் ஏறி இறங்கி, பிறகு மெயின் பேரிங்குகளுக்குப் போகிறது. பைபாஸ் ஃபில்டர் இந்தப் பாதையின் குறுக்கே வருவதில்லை. ஓரமாக ஒரு சின்னக் கிளை எடுத்து, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆயிலை வாங்கி, வடிகட்டி, நேராக எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்புக்கே திருப்பி விடுகிறது. பேரிங்குக்குப் போகும் ஆயில் எப்போதும்போல வடிகட்டாமலேயே போகும்.

வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே வருவதற்கும், கழுவாமல் வந்தவர்களின் பின்னால் ஓயாமல் கூட்டிக்கொண்டே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. வீடு சுத்தமாகத்தான் இருக்கும். சொல்லப்போனால் பைபாஸ் வைத்த எஞ்சினில் ஆயில் இன்னும் சுத்தமாகவே இருக்கும். ஓட்டம் மெதுவாக இருப்பதால் ஃபில்டரை நெருக்கமாகச் செய்ய முடிகிறது. சாதாரண ஃபுல்-ஃப்ளோ காகிதம் 20, 30 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவில் நிற்க, நல்ல பைபாஸ் சில மைக்ரான் துகள் வரைக்கும் பிடிக்கும். கரியும் மெல்லிய தூசியும் நாள்பட அரிக்கும் தேய்மானத்துக்கு இது நல்ல மருந்து. ஆனால் பம்பின் கியரிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து வந்தால், அது முதல் சுற்றிலேயே பேரிங்குக்குள் போய்விடும். பைபாஸால் அதைத் தடுக்க முடியாது.

பொருத்துவதைப் பார்ப்போம். பெரும்பாலான கிட்டுகளில் ஆயிலை எடுப்பது, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சின் துளையிலிருந்து. சுவிட்சைக் கழற்றி, மூன்று வாய் உள்ள ஒரு பித்தளை டி இணைப்பு போட்டு, ஒரு பக்கம் சுவிட்ச், மறுபக்கம் ஹோஸ். பார்க்க எளிது. சிக்கல் எங்கே என்றால், அந்தத் துளையின் மரை 10 மி.மீ. கூம்பு மரை, எஞ்சின் கேஸோ மக்னீசியக் கலவை. கூம்பு மரையை முறுக்க முறுக்க அது ஆப்பு அடித்ததுபோல் கேஸை விரிக்கும். இன்னும் கால் சுற்று வைப்போம் என்று முறுக்கினால் கேஸில் விரிசல் விழும். சரியாக முறுக்கினாலும், டி, சுவிட்ச், ஹோஸ் மூன்றின் எடையும் அந்த ஒரு மரையில் தொங்கிக்கொண்டு எஞ்சினோடு சேர்ந்து அதிரும். துளையிலிருந்து மெல்லிய வளையும் ஹோஸ் ஒன்றை எடுத்து, டி-யை எஞ்சினின் தகட்டில் தனியாகப் பிடித்து வைப்பதே நல்லது.

அடுத்தது ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்னத் துளை. ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. இருக்கும். பைபாஸின் உயிர் இதில்தான் இருக்கிறது. துளை இல்லாமல் ஹோஸை நேராக மாட்டினால் பேரிங்குக்குப் போக வேண்டிய பிரஷர் எல்லாம் சம்புக்குள் வழிந்து போகும். சில பழைய டப்பாக்களில் இந்தத் துளை டப்பாவுக்குள், திரும்பும் வழியில் இருக்கும். அப்படியானால் டப்பாவுக்குப் போகும் ஹோஸ் முழுப் பிரஷரில், எந்தத் தடையும் இல்லாமல் நிற்கிறது. ஹோஸ் வெடித்தால் எஞ்சின் ஆயில் முழுதும் வெளியே. அதே துளையை ஆயில் கிளம்பும் முனையில், அதாவது கேஸை ஒட்டிய இணைப்பிலேயே வைத்துவிட்டால், ஹோஸ் அறுந்தாலும் ஒன்றரை மி.மீ. துளை வழியாக வருவதுதான் கொட்டும். எச்சரிக்கை விளக்கு எரிவதற்குள் வண்டியை ஓரம் கட்ட நேரம் கிடைக்கும். கிட்டை வாங்குவதற்கு முன் இந்த ஒன்றை மட்டுமாவது திறந்து பாருங்கள்.

திரும்பும் ஹோஸை ஆயில் ஊற்றும் கழுத்திலோ வால்வு மூடியிலோ விடுவார்கள். பிரஷர் இல்லாத இடமாக இருந்தால் போதும்.

பைபாஸ் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, பழையபடி ஓடும். இது அதன் பெரிய நற்குணம். கூடவே வரும் குறை, அடைத்துவிட்டது என்று யாருக்கும் தெரியாது. நல்ல ஓட்டத்துக்குப் பிறகு டப்பாவைத் தொட்டுப் பாருங்கள். ஆயில் ஓடினால் கை வைக்க முடியாதபடி சுடும். எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க டப்பா மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், அதற்குள் ஆயில் ஓடி நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

அமெரிக்காவில் ஃப்ரான்ட்ஸ் என்ற பைபாஸ் ஃபில்டர் பிரபலம். அதற்குள் போடுவது சாதாரண டாய்லெட் காகிதச் சுருள். நெருக்கமாக அமுங்கி உட்கார்ந்தால் நன்றாகவே வடிகட்டும். ஆயிலில் கலந்த ஈரத்தையும் கொஞ்சம் உறிஞ்சும். சுருள் தளர்வாக இருந்தால் ஆயில் ஓரமாக வழி கண்டுபிடித்து வடிகட்டாமலேயே போய்விடும். சுருளுக்குச் சுருள் தரம் மாறும் ஒன்றை நம்பி எஞ்சினைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பைபாஸ் யோசிப்பவர்கள் முதலில் ஒரு பிரஷர் மீட்டரை மாட்டி அளந்து பார்க்க வேண்டும். எஸ்ஏஇ 30 தடிமன் ஆயில் 70 டிகிரி சூட்டில், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிரஷர் 28 பிஎஸ்ஐ-க்குக் கீழே போகக் கூடாது என்பது இந்த எஞ்சினின் தேய்மான எல்லை. ஏற்கெனவே அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் எஞ்சினில் பைபாஸ் வைத்தால், சூடான ஐடிலிங்கில் ஆயில் பிரஷரின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு மினுக்கத் தொடங்கும். தேய்ந்த எஞ்சினைக் காப்பாற்றத்தான் பலர் பைபாஸ் தேடுகிறார்கள். அந்த எஞ்சினுக்குத்தான் அது பொருந்தவே பொருந்தாது.

பம்பின் மேலேயே ஃபில்டர்

பழைய பம்பைக் கழற்றிவிட்டு, ஃபில்டர் திருகி மாட்டும் வசதியுள்ள பம்பைப் பொருத்துவது இரண்டாவது வழி. பம்பிலிருந்து வரும் ஆயில் ஃபில்டருக்குள் போய், பம்பின் உடம்பு வழியாகவே திரும்பிப் பழைய பாதையில் சேர்ந்துகொள்ளும். ஹோஸ் கிடையாது, கிளாம்ப் கிடையாது, கேஸில் துளை போட வேண்டியதும் இல்லை. பேரிங்குக்குப் போகும் ஆயில் முழுதும் வடிகட்டப்படுகிறது. தொழிற்சாலையே கடைசியில் வந்து சேர்ந்த வழி இது என்பது எனக்குப் பெரிய சான்று.

தொந்தரவு இடத்தில்தான். ஃபில்டர் சைலன்சரை ஒட்டி வரும். தரையிலிருந்து உயரமும் குறையும். வேறு எக்சாஸ்ட் போட்டிருந்தால் ஃபில்டர் நுழைய இடமே இருக்காது. வாங்குவதற்கு முன் அளந்து பார்த்துவிடுங்கள். ஃபில்டர் படுத்த நிலையில் இருப்பதால், நிறுத்தியதும் ஆயில் பின்னால் வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு உள்ள ஃபில்டராகவும் இருக்க வேண்டும்.

பம்ப் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து வாங்கினாலும் மாட்டிக்கொள்வோம். 1971 மாடலுக்கு முந்தைய கேஸ்களில் பம்ப் ஸ்டட் 6 மி.மீ., பிறகு 8 மி.மீ. கேம்ஷாஃப்டின் முனை சில எஞ்சின்களில் தட்டையாக, சிலவற்றில் குழிவாக இருக்கும். அதில் செருகிச் சுழலும் பம்பின் நாக்கு அதற்கு ஏற்ற நீளத்தில் இருக்க வேண்டும். மாட்டும்போது, கேஸ்கெட் இல்லாமல் ஒரு நேர்விளிம்பை வைத்து கியருக்கும் மூடிக்கும் இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிரஷர் வராது.

இதே வகையில் இன்னொன்று உண்டு. பம்ப் மூடியில் ஆயில் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு இணைப்புகள். ஃபில்டரை வேறெங்காவது ஹோஸில் தொங்கவிடுவது. இடப் பிரச்சினை தீரும். ஆனால் அந்த மூடிக்குள் பாதைகள் குறுகலாக இருக்கும், பம்பின் முழு ஓட்டமும் இரண்டு ஹோஸ்களை நம்பி நிற்கும். பம்பில் நேராக மாட்டும் ஃபில்டருக்கு இடம் இருக்கும்வரை இதை நான் தேர்வு செய்ய மாட்டேன்.

கேஸில் மரை போட்டு ஃபுல்-ஃப்ளோ

எஞ்சினைக் கட்டுபவர்கள் அதிகம் மதிக்கும் வழி இது. பம்பின் பழைய வெளிவாயை ஒரு பிளக் போட்டு அடைத்து, ஆயிலை மூடி வழியாக வெளியே எடுத்து, ஃபில்டரைக் கடந்து, கேஸின் முக்கிய ஆயில் பாதையில் இருக்கும் அலுமினிய அடைப்பைத் துளைத்தெடுத்து அங்கே 3/8 அங்குலக் குழாய் மரை போட்டுத் திரும்ப உள்ளே விடுவது. ஓட்டத்துக்குத் தடை குறைவு, பெரிய ஃபில்டர் மாட்டலாம், பின்னால் தனி கூலர் சேர்ப்பதும் எளிது.

எஞ்சின் முழுக்கப் பிரித்துக் கிடக்கும்போது மட்டும் செய்ய வேண்டிய வேலை இது. வண்டியில் இருக்கும் எஞ்சினில், மரை வெட்டும் டேப் என்ற கருவியில் கிரீஸ் தடவி விட்டு மெதுவாக மரை போட்டால் சீவல் எல்லாம் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பேரிங்குக்கு நேராகப் போகும் பாதை அது. துகள் போகக் கூடாது என்று ஃபில்டர் வைக்கப் போய், மக்னீசியச் சீவலை நாமே உள்ளே போடும் வாய்ப்பை ஏன் எடுக்க வேண்டும்? அந்தச் சீவல் தீப்பிடிக்கும் பொருள் என்பதையும் பட்டறையில் மறக்கக் கூடாது.

பம்பின் வாயில் போடும் பிளக் தளர்ந்து வெளியே வந்தால் ஆயில் பழைய குறுக்கு வழியிலேயே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், ஃபில்டர் மட்டும் சும்மா இருக்கும். அதனால் அதை மரையோடு பூட்டி வைப்பது அவசியம். இன்னொன்று, இந்த அமைப்பில் ஃபில்டர் எஞ்சினின் பிரஷர் வால்வுக்கு முன்னால் வருகிறது. குளிர்ந்த காலையில் கெட்டியான ஆயிலோடு, 30 மி.மீ. கியர் போட்ட பெரிய பம்பும் இருந்து, கிளப்பியதும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஃபில்டரின் ரப்பர் வளையம் பிதுங்கி ஆயில் பீய்ச்சும். தனி வால்வு வைத்த பம்ப் மூடி இதற்காகவே கிடைக்கிறது. சாதாரண 1600-க்குப் பெரிய பம்பே வேண்டாம் என்பது என் எண்ணம்.

கெட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இங்கே வரும் பதில்தான் கடுமையானது. பைபாஸில் ஹோஸ் அறுந்தால் கசிவு. இதில் அறுந்தால் பம்பின் முழு ஓட்டமும் வெளியே போகும், பேரிங்குக்கு ஒரு சொட்டும் போகாது. ஆகவே ஹோஸில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. எக்சாஸ்டிலிருந்து விலக்கி, தகட்டின் விளிம்பில் உரசும் இடத்தில் ரப்பர் உறை போட்டுக் கொண்டுபோக வேண்டும்.

ஒன்றும் செய்யாமல் இருந்தால்?

வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கும், எந்த மாற்றமும் செய்யாத 1200 அல்லது 1300 எஞ்சினுக்கு, சல்லடையும் நேரத்துக்கு ஆயில் மாற்றுவதும் போதும் என்றே நினைக்கிறேன். குறைந்த தூரம் ஓடும் வண்டியில் ஆயிலைக் கெடுப்பது துகளைவிட, உள்ளே கலக்கும் பெட்ரோலும் ஈரமும் அமிலமும்தான். பெட்ரோலையும் அமிலத்தையும் எந்த ஃபில்டரும் பிரித்தெடுக்காது. ஃபில்டர் மாட்டிவிட்டோம், இனி ஆயிலை 10,000 கி.மீ. ஓட்டலாம் என்று தள்ளிப்போடுபவரின் எஞ்சினைவிட, ஃபில்டரே இல்லாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுபவரின் எஞ்சின் நன்றாக இருக்கும். காந்தம் வைத்த ட்ரெயின் பிளக் ஒன்று சேர்த்துக்கொண்டால் இரும்புத் தூளாவது அதில் ஒட்டும்.

ஆக, எஞ்சின் பிரித்துக் கிடக்கிறதா? தயங்காமல் கேஸில் மரை போட்டுவிடுங்கள். பிரிக்கும் எண்ணம் இல்லை, வண்டி தினமும் ஓடுகிறது, சைலன்சர் பக்கத்தில் இடம் இருக்கிறது என்றால் பம்ப் ஃபில்டர். போர்ஷே 356 வைத்திருப்பவர் தொழிற்சாலை பைபாஸைக் கழற்ற வேண்டாம், காகிதத்தை மட்டும் நேரத்துக்கு மாற்றினால் போதும். பீட்டிலில் பைபாஸ் என்பது பிரஷர் நன்றாக இருக்கும் எஞ்சினுக்கு, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் துளை கேஸ் முனையில் இருக்கும் கிட்டாகக் கிடைத்தால் மட்டும். ஃபுல்-ஃப்ளோ ஏற்கெனவே இருந்து, அதற்கு மேல் பைபாஸும் சேர்த்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்கு அது வீண் செலவில்லை.

எதை மாட்டினாலும் முதல் தடவை உடனே கிளப்பிவிடாதீர்கள். இக்னிஷன் காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, சிவப்பு விளக்கு அணையும் வரை இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். காலியான ஃபில்டரும் ஹோஸும் நிரம்பும்வரை பேரிங்குக்கு ஆயில் வராது. பிறகு கிளப்பி, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிக் கசிவு பார்த்து, நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஃபில்டருக்குள் போன அளவுக்கு அளவு இறங்கியிருக்கும். அதை ஊற்றி நிரப்பிய பிறகே வண்டியை வெளியே எடுங்கள்.