வலுவில்லாத புயலுக்கு எந்த மாடல்: ஜிஎஃப்எஸ்ஸா, ஐரோப்பியமா?

திண்டிவனத்தில் எங்களுக்குப் பந்தல் வாடகைத் தொழில். இரும்புக் குழாய் நட்டு, கூரைத் துணி இழுத்துக் கட்டி முடிக்க ஒன்றரை நாள் ஆகும். அதனால் கடலில் புயல் சின்னம் இருக்கும்போது, கட்டுவதா வேண்டாமா என்று முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே சொல்லியாக வேண்டும். அதற்குக் கணினியில் ஓட்டும் வானிலைக் கணிப்பு மாடல்களைப் பார்ப்பேன். சில பருவங்கள் ஜிஎஃப்எஸ், ஐரோப்பியம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இப்போது ஐரோப்பிய மாடல் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

ஜிஎஃப்எஸ் அமெரிக்காவுடையது. ஒரு நாளைக்கு நான்கு ரன், அதாவது நான்கு முறை புதிதாகக் கணிப்பு ஓடும், ஒவ்வொன்றும் 16 நாள் வரை. காலை 5.30 மணி நிலவரத்தை வைத்து ஓடும் ரன் 9 மணிக்கு மேல் வரத் தொடங்கிவிடும். ஐரோப்பிய மாடலுக்கு மதியம் வரை காத்திருக்க வேண்டும். வேகத்தில் ஜிஎஃப்எஸ்தான், சந்தேகமில்லை. ஆனால் பத்து நாள் கழித்து வராத புயலை வரவைப்பதில் அதற்கு ஒரு தனி ஆர்வம். வாட்ஸ்அப்பில் சுற்றும் பயமுறுத்தும் படங்களில் பாதி அதன் கைவண்ணம் என்பது என் சந்தேகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கண் உருவான புயலென்றால் மையம் பளிச்சென்று தெரியும். வலுவில்லாததில் மேகக்கூட்டம் ஒரு பக்கம் கிடக்கும், தரைமட்டச் சுழற்சி வேறு பக்கம் இருக்கும். அட்லாண்டிக்கில் போல விமானம் அனுப்பி அளக்கும் வழக்கம் வங்கக்கடலில் இல்லை. ஆகவே மாடல் கிளம்பும் புள்ளியே கொஞ்சம் தள்ளிப்போகலாம். அதோடு, சுழற்சி எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்த அடுக்குக் காற்று அதை இழுத்துப்போகும் என்பதும். உயரமாக வளர்ந்தால் மேலடுக்குக் காற்றோடு போகும், குட்டையாக நின்றுவிட்டால் கீழ்க்காற்றோடு. வலுவைத் தப்பாகக் கணித்தால் பாதையும் தப்பாகிவிடும்.

இந்த நிலையில் மாடல் போடும் ஒற்றைப் பாதைக் கோட்டை நம்பி என்ன செய்வது? தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஒரே மாடலைப் பலமுறை ஓட்டுவதுதான் என்செம்பிள். ஐரோப்பிய மாடலில் 51 ஓட்டம். 2023 நடுவிலிருந்து அவையும் 9 கிலோமீட்டர் கட்டத்தில் ஓடுகின்றன (வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுவார்கள், கட்டம் சிறிதானால் விவரம் கூடும்). ஜிஎஃப்எஸ் பக்கம் 31 ஓட்டம், கட்டம் சுமார் 25 கிலோமீட்டர். நான் கட்சி மாறியது இதற்காகத்தான். 51 கோடும் மரக்காணத்தை ஒட்டிக் கட்டாக வந்தால் ஒரு முடிவு, நாகப்பட்டினம் முதல் நெல்லூர் வரை விசிறியாக விரிந்தால் வேறு முடிவு. கரையோரம் வந்து கோடுகள் சுருண்டு நின்றால் அதுதான் எனக்குப் பெரிய பயம்.

அந்தப் பயம் ஃபெங்கல் புயல் கொடுத்தது. 2024 நவம்பர் 26-ல் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, புயலாக மாற 29 வரை இழுத்தடித்தது. புயலாகுமா ஆகாதா என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். மணிக்கு 61 கிலோமீட்டர் வேகம் வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 ஆனால் புயல். பந்தலுக்கு அந்த ஒரு கிலோமீட்டர் என்ன செய்யும்? 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறி அங்கேயே நின்றுவிட்டது. மயிலத்தில் மட்டும் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. எங்கள் பந்தலைக் காற்று அசைக்கவில்லை. கூரைத் துணியில் தண்ணீர் தேங்கி, தொட்டில் மாதிரி தொங்கி, நடுக்குழாயை வளைத்தது. நான் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தது காற்று வேகத்தை மட்டும்.

2020 டிசம்பரில் புரெவியும் இப்படித்தான். பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கடக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அது மன்னார் வளைகுடாவில் நின்று வலுவிழந்தது, மழையோ வடக்கே கொள்ளிடம், சிதம்பரம் பக்கம் கொட்டியது.

வலுவைச் சொல்வதில் ஐரோப்பிய மாடல் மேல் என்று சொல்ல மாட்டேன். காற்று வேகத்துக்கு இரண்டையும் விட்டுவிட்டு வானிலை ஆய்வு மைய அறிக்கையைத்தான் பார்க்கிறேன். சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் மாடல் பார்ப்பதோடு சரி, குழி தோண்டுவதில்லை. கடைசி 24 மணி நேரத்தில் ஜிஎஃப்எஸ்ஸையும் திறப்பேன், சீக்கிரம் வருகிறதே.

அப்புறம், ஐரோப்பிய மாடலை ஓட்டும் மையத்தின் ஏஐ மாடல் 2025 பிப்ரவரியிலிருந்து முறையாக ஓடுகிறது. பாதை சொல்வதில் கெட்டி என்கிறார்கள். நான் பார்த்தது கொஞ்ச நாள்தான். அதை நம்பித் துணி கட்ட இன்னும் துணிச்சல் வரவில்லை.