பூட்டிவிட்டுத்தான் கிளவுட்டில் ஏற்றுகிறேன்: கிரிப்டோமேட்டர் அனுபவம்

பினாங்கில் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, தண்ணீர்மலை தைப்பூசம் என்று படம் எடுப்பது என் தொழில். என்னிடம் இருப்பவற்றில் பெரும்பகுதி பிறர் வீட்டுப் பிள்ளைகளின் படங்கள். ஹார்ட் டிஸ்க் எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே கிளவுட்டிலும் ஒரு நகல் வேண்டும். சில ஆண்டுகளாக, கோப்புகளைப் பூட்டும் மென்பொருளான கிரிப்டோமேட்டரில் பூட்டித்தான் கூகுள் டிரைவில் ஏற்றுகிறேன்.

டிரைவும் படங்களை மறையாக்கம் செய்துதான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றித்தான், வைக்கிறது. ஆனால் சாதாரணக் கணக்கில் சாவி கூகுளிடம் இருக்கும். என் கடவுச்சொல்லைத் திருடியவனும் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். கிரிப்டோமேட்டர் என் மடிக்கணினியிலேயே 256 பிட் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில் பூட்டிய பிறகே படம் மேலே போகிறது. பெண் சடங்குக்கு எடுத்த படங்கள் எங்கே போகும் என்று ஓர் அம்மா கேட்டார். பிரவுசரில் டிரைவைத் திறந்து காட்டினேன். இரண்டெழுத்துக் கோப்புறைகள், அவற்றுக்குள் புரியாத எழுத்துக்கோவைகளாகப் பெயர்கள். படமும் இல்லை, பிள்ளையின் பெயரும் இல்லை. கோப்புகளின் அளவு, எண்ணிக்கை, மாற்றிய நேரம் ஆகியவை மட்டும் மறையாது. என் வேலைக்கு அது பாதகமில்லை.

ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகப் பூட்டப்படுவதால், நாலு படத்தைத் திருத்தினால் அந்த நாலு மட்டுமே மறுபடி ஏறும். பெரிய ஆல்பங்களுக்கு இது பெரிய நிம்மதி.

சிரமம் தேடுவதில்தான். "அண்ணே, பாட்டி இருக்கிற படத்தை மட்டும் அனுப்புங்க" என்று கேட்டால், டிரைவால் முகம் பார்த்துத் தேட முடியாது, அதற்குத் தெரிவது பூட்டிய கோப்பு மட்டுமே. பூட்டிய கோப்புகள் இருக்கும் பெட்டகத்தை மடிக்கணினியில் திறந்து நானே தேட வேண்டும். பகிர்வதற்கும் தனி நகல் எடுக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படமென்றால் அதில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் இடத்தையும் நீக்கிவிட்டு அனுப்புகிறேன். எங்கள் குடும்பப் படங்களுக்கு என்டே என்ற படச் சேமிப்புச் செயலி வைத்திருக்கிறேன். அதுவும் பூட்டித்தான் ஏற்றும், முகங்களைக் கைப்பேசியிலேயே அடையாளம் காணும். அன்றாடத்துக்கு அதுவே வசதி.

கிரிப்டோமேட்டரின் கணினிப் பதிப்பு இலவசம். கடவுச்சொல்லும் போய், அது மறந்தால் கைகொடுக்கும் மீட்புச் சாவியும் இல்லையென்றால் பெட்டகத்தை யாராலும் திறந்து தர முடியாது. அந்தச் சாவியை அச்சடித்து, பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டுப் பீரோவில் ஒன்று, கடையில் ஒன்று என வைத்திருக்கிறேன். இதைச் செய்து முடிக்காமல் ஒரு படத்தைக்கூட உள்ளே போடாதீர்கள்.