லேக் லேனியர் தீவில் ஜியோகேச் தேட வாடகைக் கயாக்: காசுக்குத் தகுமா?

நேரே விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள லேக் லேனியர் ஏரியில் கயாக் (துடுப்புப் படகு) வாடகைக்கு எடுத்து, தீவில் யாரோ ஒளித்து வைத்து, ஜிபிஎஸ் குறிப்பைக் கொண்டு கண்டுபிடிக்கச் சொல்லும் ஜியோகேச் பெட்டியைத் தேடப் போகிறீர்கள் என்றால் ஒரு மணி, இரண்டு மணி வாடகைக்கு எடுக்காதீர்கள், அரை நாளாக எடுங்கள். நாங்கள் எடுத்த கடை (பெயர் வேண்டாம்) படிவம் நிரப்புவது, லைஃப் ஜாக்கெட் அளவு பார்ப்பது, பாதுகாப்புப் பாடம் எல்லாவற்றையும் நம் நேரத்தில்தான் கழிக்கிறது. மிச்ச நேரத்தில் ஏரியைச் சுற்றிப் பார்க்கலாம், தீவில் இறங்கி மரம் மரமாகத் தேட முடியாது.

படகு நல்ல படகு. மேலே உட்காரும் வகை பிளாஸ்டிக் கயாக், அகலமானது, லேசில் ஆடாது, தண்ணீர் என்றாலே பயப்படும் என் மனைவியே கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டாள். ஆனால் அகலமான படகு மெதுவாகத்தான் நகரும், எதிர்க்காற்று அடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும், போதாக்குறைக்கு எனக்குக் கிடைத்த துடுப்பு நடு இணைப்பில் லொடலொடவென்று ஆடியது, மாற்றிக் கேட்டால் வேறு இல்லை என்றார்கள். ஜாக்கெட்டில் குறை இல்லை. படகு ஓடும்போது 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அதைப் போட்டே இருக்க வேண்டும் என்பது ஜார்ஜியா சட்டம், பெரியவர்களும் கழற்றாமல் இருப்பதே நல்லது, ஏனென்றால் சனி ஞாயிறுகளில் ஸ்பீட் போட்டுகள் கிளப்பும் அலை பக்கவாட்டில் வந்து மோதும். முடிந்தால் வார நாளில், காலையிலேயே கிளம்புங்கள்.

இடம் அருமை. சாட்டஹூச்சி ஆற்றை மறித்து 1956-ல் கட்டி முடித்த பியூஃபர்ட் அணையின் நீர்த்தேக்கம் இது. தண்ணீர் ஏற ஏற மேட்டு நிலமெல்லாம் முங்கி, தலை மட்டும் வெளியே தெரிவதுதான் இந்தத் தீவுகள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் துடுப்புப் படகுப் போட்டிகளும் இங்கேதான் நடந்தன. நாம் ஓட்டுகிற வேகத்துக்கு அந்தப் பெருமை கொஞ்சம் அதிகம், சரி விடுங்கள்.

எந்தத் தீவு என்று சொல்ல மாட்டேன், ஆட்டம் கெட்டுப்போகும். படகில்லாமல் எட்ட முடியாத பெட்டிகளுக்கு ஜியோகேச் ஆப்பில் டெரெய்ன் 5 (போய்ச் சேரும் சிரமத்துக்கான மதிப்பில் உச்சம்) என்று போடுவார்கள், அதை வைத்துத் தேடினாலே கிடைத்துவிடும். கிளம்பும் முன் நீர்மட்டத்தையும் பாருங்கள். கோடையில் முழு மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1071 அடி, 2007 வறட்சியில் அது சுமார் 20 அடி இறங்கியது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், மட்டம் குறைந்தால் தீவைச் சுற்றிச் செம்மண் சகதிதான், செருப்போடு இறங்கினால் செருப்பு அங்கேயே நின்றுவிடும். கட்டுகிற வகை பழைய ஷூ போதும்.

அப்புறம் ஆப். அதிகாரப்பூர்வ ஜியோகேச்சிங் ஆப்பில் ஆஃப்லைன் பட்டியல் இறக்க பிரீமியம் உறுப்பினராகக் காசு கட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு என்றால் சி:ஜியோ (c:geo) என்ற ஆப் இலவசம், பெட்டி விவரத்தை வீட்டிலேயே சேமித்துக்கொள்ளலாம், தண்ணீர் நடுவே சிக்னலை நம்ப வேண்டாம். 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை எடுத்தது, மறுநாளே ஓரிகனில் ஒருவர் வாளியைப் புதைத்து இந்த விளையாட்டைத் தொடங்கினார். இத்தனை வருடம் கழித்தும் பைன் மரங்களுக்கு அடியில் நிற்கும்போது போனின் அம்பு இங்கும் அங்கும் தாவத்தான் செய்கிறது. கடைசிச் சில மீட்டருக்குக் கண்ணைத்தான் நம்ப வேண்டும். மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஐவி கொடியைத் தொடாதீர்கள், தோல் அரிக்கும்; காப்பர்ஹெட் என்ற விஷப் பாம்பு உள்ள ஊர் என்பதால் கட்டைக்கு அடியில் கையை விடும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள்.

பெட்டி பட்டாளத்துத் தோட்டாப் பெட்டி, ரப்பர் சீல் உறுதியாக இருந்ததால் உள்ளே லாக் புத்தகம் (கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் நோட்டு) காய்ந்தே கிடந்தது. வைத்தவருக்கு முழு மதிப்பெண். கயாக் கடைக்கு 5-க்கு 3, துடுப்பை மாற்றினால் 4. போகிறவர்கள் ஒரு பேனா எடுத்துப் போங்கள், பெட்டியில் இருக்கும் பென்சிலுக்கு முனை இல்லை.