தண்ணீருக்குள் மூன்று வருடம் ஓடிய படகு மோட்டார்: காயில் சூடும் நாங்கள் பட்ட பாடும்

பென்னாகரத்தில் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன், போர்வெல் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுற்று, கட்டுவதுதான் பிழைப்பு. மாமா நாகமரையில் மேட்டூர் அணைத் தண்ணீரில் மீன் பிடிக்கிறார். அவருடைய ஃபைபர் படகில் 2022 ஏப்ரலில் 48 வோல்ட், ஒன்றரை கிலோவாட் கரண்ட் மோட்டார் ஒன்று மாட்டினோம். மோட்டாரும் படகைத் தள்ளுகிற இறக்கையும் ஒன்றாகத் தண்ணீருக்குள் முங்கியே ஓடுகிற வகை. பெட்ரோல் செலவு இல்லை, சத்தம் இல்லை, விடியற்காலையில் வலை எடுக்கப் போகும்போது அக்கரைப் பண்ணவாடியில் நாய் குரைப்பதுகூடக் கேட்கும். அந்த வகையில் முதல் நாளிலிருந்தே எங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

"தண்ணியிலயேதான் கெடக்குது, அது எங்க மாப்ள சூடாகப்போவுது?" என்றார் மாமா. வாங்கின இடத்திலும் அதையேதான் சொன்னார்கள். எட்டாவது மாதம் காயில் கருகிவிட்டது.

கடையில் வைத்துப் பிரித்தேன். வெளிக்கூட்டில் பெயின்ட் கூட நிறம் மாறவில்லை, புதுசு போல இருந்தது. மூடியைக் கழற்றியதும் வார்னிஷ் தீய்ந்த வாடை குப்பென்று வந்தது, செம்புக் கம்பி வெல்லப்பாகு நிறத்துக்குப் போயிருந்தது. உள்ளே பார்த்தால் நம் சீலிங் ஃபேன் அமைப்பு. காயில் நடுவில், அதைச் சுற்றிக் காந்தம் பதித்த கிண்ணம் சுழல்கிறது, அதற்கும் வெளியே அலுமினியக் கூடு. ஒன்றரை கிலோவாட் இழுக்கும் மோட்டார் நூற்றுக்கு எண்பதை இறக்கைக்குக் கொடுத்தாலும், மீதி 300 வாட் சூடாகத்தான் மாறும். அந்தச் சூடு காயிலிலிருந்து காந்தத்துக்குப் போக ஒரு காற்று இடைவெளி, காந்தக் கிண்ணத்திலிருந்து கூட்டுக்குப் போக இன்னொரு காற்று இடைவெளி. காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும்தான், ஆனால் காயிலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் காற்று உட்கார்ந்திருந்தால் தண்ணீர் என்ன செய்யும்? டீக்கடை ஃபிளாஸ்க்கைத் தூக்கி அணைக்குள் போட்டாலும் உள்ளே டீ சூடாகவேதான் இருக்கும்.

போர் மோட்டாரில் இப்படி இல்லை. அதில் காயில் கட்டிய, சுழலாத பாகமான ஸ்டேட்டர் கூட்டோடு இறுகப் பிடித்திருக்கும், உள்ளே தண்ணீரோ ஆயிலோ நிரம்பியிருக்கும், பம்ப் இழுக்கிற தண்ணீர் மோட்டாரின் உடம்பை உரசிக்கொண்டு மேலே போகும். நம் மாவட்டத்தில் கோடையில் போரில் ஊற்றுக் குறைந்து அந்த ஓட்டம் நின்றால், முங்கிக் கிடக்கிற மோட்டாரே கருகி என் கடைக்கு வரும்.

சரி, கம்பி மாற்றிக் கட்டினேன், காயிலுக்குள் ஒரு வெப்ப சென்சாரும் வைத்தேன். முழு வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டியதும் 118 டிகிரி காட்டியது. கூட்டைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது! காயில் கட்டியும் பழைய இழுவை திரும்பவில்லை, அதே வேகத்துக்கு முன்பைவிட ஆம்பியர் கூடுதலாகவே எடுத்தது. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் போனால் பலம் குறைய ஆரம்பிக்கும், அப்படிக் குறைந்த பலம் மோட்டார் ஆறினாலும் திரும்பாது.

அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் நிரப்பிப் பார்த்தேன். காயில் 90 டிகிரிக்கு இறங்கியது, ஆனால் சுழலும் கிண்ணம் ஆயிலைக் கடைந்துகொண்டே ஓட வேண்டியிருந்ததால் சும்மா ஓடும்போதே இரண்டு ஆம்பியர் கூடிவிட்டது. சூடானால் ஆயில் விரியும். போர் மோட்டாரில் அதற்கென்று அடியில் விரிந்து கொடுக்கிற ஒரு ரப்பர் சவ்வு (டயஃப்ரம்) இருக்கும், இதில் அந்த வசதியே கிடையாது. பத்தே நாளில், ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் சீல் வழியாகக் கசிந்து தண்ணீர் மேல் வானவில் மாதிரிப் படலம் கட்டியது. நாமே குடிக்கிற தண்ணீர், மாமா மீன் பிடிக்கிற தண்ணீர். அன்றைக்கே கழற்றி வைத்துவிட்டேன்.

2023 ஜூனில் அடுத்த மோட்டார் வாங்கினோம், இந்த முறை வாங்குவதற்கு முன்பே மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். ஸ்டேட்டர் அலுமினியக் கூட்டில் அழுத்திப் பொருத்தியிருந்தது, காயிலைச் சுற்றி எபாக்ஸி பிசின் ஊற்றி இடைவெளியை அடைத்திருந்தார்கள், காந்தம் நடுவில் சுழல்கிறது. அதே படகு, அதே 28 ஆம்பியர், அரை மணி ஓட்டம். 56 டிகிரி. கண்ணால் பார்த்தும் நம்ப முடியாமல் மறுநாளும் ஓட்டி அளந்தேன்.

இதையும் ஒரு முறை சூடாக்கினோம். 2024 கோடையில் நீர்மட்டம் இறங்கி, அணைத் தண்ணீரில் முங்கிக் கிடக்கும் பண்ணவாடி நந்தி சிலை முழுசாக வெளியே தெரிந்த சமயம், கரைக்கு வரும்போது இறக்கை சேற்றில் மாட்டியது, மாமா விடாமல் முறுக்கியிருக்கிறார். ஆம்பியர் இரண்டு மடங்கானால் காயில் சூடு நான்கு மடங்கு, அதுவும் படகு நகராமல் நின்றால் உடம்பை உரசிப் போகிற தண்ணீரும் இல்லை. மூன்று நிமிடத்தில் 97 டிகிரி. இப்போது 80 டிகிரி வந்தால் பஸ்ஸர் அடிக்கும்படி வைத்திருக்கிறேன். முக்கால் வேகத்தில் போனாலே போதும் என்று மாமாவும் பழகிக்கொண்டார். வேகத்தைக் கால்வாசி குறைத்தால் இறக்கைக்கு வேண்டிய பவர் பாதிக்கும் கீழே வந்துவிடும், பேட்டரியும் அதிக நேரம் வரும்.

சூடானால் மோட்டார் தண்ணீரை உள்ளேயும் இழுக்கும், இதை யாரும் சொல்வதில்லை. ஓடும்போது கூட்டுக்குள் இருக்கும் காற்று விரிகிறது, நிறுத்தியதும் குளிர்ந்து சுருங்குகிறது, சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தால் அந்தச் சுருக்கம் தண்ணீரை உறிஞ்சிவிடும். அதனால் கரைக்கு வருமுன் கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டி ஆறவிட்டுத்தான் நிறுத்துகிறோம். சீலைத் தேய்ப்பது பெரும்பாலும் தங்கூசிதான், அதாவது மீன் பிடிக்கிற நைலான் நரம்பு. இறக்கைக்குப் பின்னால் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு ரப்பரை அறுத்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மாதம் ஒரு முறை இறக்கையைக் கழற்றிப் பார்க்கிறேன், இதுவரை நான்கு தடவை நரம்பு எடுத்திருக்கிறேன், சீல் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். காயிலில் ஈரம், கசிவு இருக்கிறதா என்று பார்க்கிற மெகர் மீட்டரை வைத்தால் இன்றைக்கும் முள் நன்றாக ஏறுகிறது.

கூட்டின் மேல் படியும் பாசியை வாரம் ஒரு முறை தேங்காய் நாரில் தேய்த்தாலே போய்விடும், கம்பி பிரஷ் போட்டால் அலுமினியத்தின் மேல்பூச்சு போய்விடும். இப்போது அதிகம் சூடாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கண்ட்ரோலர்தான். பெட்டிக்குள் வெயிலில் கிடக்கிறது, அதற்குத் தண்ணீர் எங்கே? அதன் அடித்தகட்டை ஒரு அலுமினியப் பட்டையில் இறுக்கி, பட்டையின் மறுமுனையைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் வாரத்தில் 12 டிகிரி குறைந்திருக்கிறது.