சஃபிக்ஸ் ஸ்பெல்லிங் ஆப், ஒரு மாசம் யூஸ் பண்ணதுல

ஒரு ஆபீஸ் மெயில்ல "ஹோப்பிங்" அடிக்கறப்ப ஒரு பிக்கு பதிலா ரெண்டு பி போட்டுட்டேன், அது "ஹாப்பிங்" ஆயிடுச்சு, அதாவது உங்க பதிலுக்காக ஒத்தக்கால்ல குதிச்சுட்டு இருக்கேன்னு அனுப்பிருக்கேன். அந்த மானக்கேட்டுல தான் இந்த ஆப்பை இறக்கினேன், இங், எட் மாதிரி சஃபிக்ஸ், அதாவது பின்னொட்டு, சேர்றப்ப இங்கிலீஷ் ஸ்பெல்லிங் எப்படி மாறும்னு சொல்லித்தர ஆப் இது. பேரு சொல்லல, பின்னாடி கொஞ்சம் திட்டப்போறேன்.

டபுளிங் பாடம், அதாவது கடைசி மெய்யெழுத்து எப்ப ரெண்டாகும்ங்கறது, சூப்பர். ஸ்டாப், ரன் மாதிரி ஒரு சிலபிள் (அசை) வார்த்தைங்க யாருக்கும் தெரியும், நான் மாட்டறது ரெண்டு சிலபிள்ல. பிகின்ல அழுத்தம் கடைசில விழுது, அதனால பிகின்னிங்ல 'என்' எழுத்து இரட்டிக்குது, ஓப்பன்ல முன்னாடியே விழுந்துடுது, அதனால ஓப்பனிங்குக்கு ஒரே ஒரு 'என்'. ரெஃபர்டுக்கு ரெண்டு ஆர், ரெஃபரன்ஸுக்கு ஒண்ணு, ஏன்னா அழுத்தம் முன்னாடி நகர்ந்துடுது. இதை ஆடியோவா போட்டுக் காட்டறாங்க, பத்து தடவை கேட்டப்புறம் தான் என் காதுக்கு புடிபட்டுச்சு.

கேக்கும்போதே ஒண்ணு தோணிச்சு, ஸ்கூல்ல புணர்ச்சி விதில படிச்சது தானே இது? தனிக்குறிலுக்கு அப்புறம் ஒற்று, அடுத்து உயிர் வந்தா ஒற்று இரட்டிக்கும். கல்லும் எறியும் சேந்தா கல்லெறி, பாலும் ஆறும் சேந்தா பாலாறு, நெடில்னா இரட்டிக்காது. இங்கிலீஷ்லயும் அதே கதை தான், ஸாட் ஸாடர் ஆகறப்ப டி ரெண்டாகுது, ஸாட்லி வந்தா ஒண்ணு தான், ஹீட்டிங்ல டி இரட்டிக்கவே இல்ல.

கடைசி இ விழற பாடம் சுமார். மேக் மேக்கிங் ஆகறப்ப இ போயிடும்னு சொல்லிட்டு விட்டுட்டாங்க, நோட்டிஸபிள்ல மட்டும் அந்த இ ஏன் அப்படியே நிக்குதுன்னு ஒரு வரி இல்ல. இ போச்சுன்னா 'சி' எழுத்துக்கு 'க' சத்தம் வந்துடும், அவ்ளோ தான் விஷயம், அதை நானே தேடி கண்டுபிடிக்க வேண்டியதாப் போச்சு. கடைசி ஒய் ஐ-யா மாறற பாடம் ஓகே.

கடுப்பேத்தினது டெஸ்ட் தான். ட்ராவெலிங்குக்கு ரெண்டு எல் போட்டேன், செவப்புல தப்புன்னு காட்டுது. பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்ல அது தான்யா சரி, ஒரு எல் அமெரிக்கன் வழக்கம், செட்டிங்ஸ்ல மாத்தவும் வழி இல்ல. மூணு ஸ்டார், அதுவும் அந்த ஆடியோவுக்காக. கம்ப்ளெயின்ட் மெயில் போட்டிருக்கேன், அனுப்பறதுக்கு முன்னாடி அந்த ஒத்த பியை மட்டும் மூணு தடவை செக் பண்ணிக்கிட்டேன்.